நூற்று இருபது மரங்களுக்கு வளைகாப்பு

மதுரைக்காரன் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ் வைப்பான், கண்ணை மூடினாலும் ஃப்ளெக்ஸ் வைப்பான். அந்தப் புண்ணியத்தில்தான் ஒத்தக்கடையில் பதினோரு வருடமாக என் கடை ஓடுகிறது. பெயர் ராஜபாண்டி. ஜல்லிக்கட்டில் பிடிபடாத மாட்டுக்கு வாழ்த்து அடித்திருக்கிறேன். பிடிபட்ட மாட்டுக்கு ஆறுதலும் அடித்திருக்கிறேன். ஆனால் மரம் முழுகாமல் இருப்பதற்கு ஃப்ளெக்ஸ் அடித்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

இருபதுக்குப் பத்து அடி. 'வெட்டாமல், குத்தாமல், வேண்டினால் சுரக்கும்! அகில் சித்தரின் அருளால் கருவுற்றிருக்கும் நூற்று இருபது அகில் மரங்களுக்கு வளைகாப்புப் பெருவிழா! தாய்மார்கள் திரண்டு வருக!' நடுவில் சித்தர், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். அந்த ஒளிவட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட எனக்கு ஆன நேரம், ஒரு டீ ஆறுகிற நேரம். மறுநாள் ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வட்டத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைக்குள்ளிருந்து பார்த்தேன். அது நான் போட்டது என்று சொல்லவில்லை. அடுத்த ஆர்டரும் அந்தச் சித்தருடையதுதான்.

ஒத்தக்கடையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் ஊரணிப்பட்டி. ஒரு காலத்தில் டவுன் பஸ் அங்கே போய்ச் சும்மா திரும்பும். இப்போது படியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அழகர்கோவிலுக்குப் போய்த் திரும்புகிற வேன்கள் எல்லாம் 'அப்படியே மரத்தையும் பாத்துருவோம்' என்று வண்டியைத் திருப்புகின்றன. ஆரப்பாளையம் லாட்ஜ்களில் தேனிப் பக்கத்து ஆட்கள் ரூம் போட்டுத் தங்கி, விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடிக்கிறார்கள். தோப்பு வாசலில் இளநீர், சுக்கு காப்பி, மஞ்சள் கயிறு, அகில் வாசம் அடிக்கும் சோப்பு.

இவ்வளவு பேரும் எதைப் பார்க்க வருகிறார்கள்? மரத்தை. மரம் தெரிகிறதா? தெரியாது. எல்லா மரத்துக்கும் அடியிலிருந்து ஆள் உயரத்துக்குச் சேலை சுற்றியிருக்கிறது. சூல்கொண்ட மரத்தின் மேல் கண்ணு பட்டால் கலைந்துவிடுமாம். ஆக, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, நூற்று இருபது சேலைகளைப் பார்த்துவிட்டுப் பரவசத்தோடு திரும்பினார்கள். அதைத்தான் எங்கள் ரங்க விலாஸ் ஜவுளிக்கடையில் நிற்காமலே பார்க்கலாம்.

தோப்பு மருதுவுடையது. மருது என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன். அவன் அப்பாவும் அம்மாவும் ஊரான் வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்தவர்கள். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதற்கும் வரப்புக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்த காலம் அது. அந்தக் குடும்பத்தின் பெயருக்கு முதன்முதலாக வந்த மண் இந்த ஒன்றரை ஏக்கர்தான். பட்டா கைக்கு வந்த அன்று, படிக்கத் தெரியாத அந்த அம்மா காகிதத்தை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாராம். மருது இதைச் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாற்றுக் கம்பெனி ஆள் வந்து, 'அகில் நடுங்க, அரபு நாட்டுக்காரன் கப்பலோடு வந்து நிப்பான்' என்று கன்றுகளைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். கன்று வளர்ந்தது. கம்பெனியின் போன்தான் செத்துப்போனது.

அகில் ஒரு விசித்திரமான மரம். சும்மா நின்றால் வெறும் விறகு. அதில் காயம் பட்டு, காயத்துக்குள் பூஞ்சை புகுந்தால், அதை எதிர்த்து மரம் தனக்குள்ளேயே ஒரு பிசினைச் சுரக்கிறது. கட்டை உள்ளுக்குள் கறுத்து மணக்கத் தொடங்குகிறது. விலை எல்லாம் அந்தக் கறுப்புக்குத்தான். விவசாய ஆபீசர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு நேர்மையாகவே சொன்னார்: "மரம் சாகாத அளவுக்குச் சின்னச் சின்னத் துளை போட்டு மருந்து ஏத்தணும். வருஷக்கணக்கில் காத்திருக்கணும். நம்ம வெயிலுக்கு வருமா வராதான்னு உத்தரவாதம் இல்ல."

மருதுவுக்கு மனம் வரவில்லை. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவன் அவன். "பிள்ள மாதிரி வளத்தத டிரில்லு போட்டு ஓட்ட போடச் சொல்றாரு மாப்ள" என்று என்னிடம் வந்து புலம்பினான்.

உத்தரவாதம் இல்லை என்று சொல்கிற ஆபீசரை விட்டுவிட்டு, நாற்பத்தெட்டு நாளில் கட்டாயம் என்று சொல்கிற ஆளைத்தான் ஊர் தேடும். தேடியது. கிடைத்தார்.

பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, நெற்றி நிறையச் சந்தனம். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். சித்தருக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லத் தலைமைச் சீடர் அருண்பாண்டி தயாராக இருந்தான். சீடருக்கு ஒரு காதில் கடுக்கன், மறு காதில் ப்ளூடூத்.

"மரமும் பொம்பளதாம்ப்பா," என்றார் சித்தர், மருதுவின் தோளில் கை போட்டு. "கத்தியால குத்திப் பிள்ள பெற வைப்பானா ஒருத்தன்? மந்திரத்தை அதோட காதுல சொல்லணும். அது மனசு குளுந்து தானாச் சுரக்கும். ஒரு கீறல் விழாது. ஒரு இலைக்கு வலிக்காது."

வலிக்காது என்ற அந்த ஒரு வார்த்தையில் மருது விழுந்தான். என் சிநேகிதன் பேராசைக்காரன் அல்ல. இளகிய மனசுக்காரன். ஏமாற்றுகிறவர்களுக்குப் பேராசைக்காரனை விட இவன்தான் சுலபம்.

முதல் மரத்தின் அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி ஒன்றைச் சித்தரே கட்டினார். மேலே சேலை. நாற்பத்தெட்டாம் நாள் ஊரைக் கூட்டி அவிழ்த்தார்கள். பட்டையில் தேன் நிறத்தில் முத்து முத்தாகப் பிசின்! தோப்பே மணத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அருண்பாண்டி நேரலை போட்டான். அன்றைக்கே மீதி நூற்றுப் பத்தொன்பது மரத்துக்கும் மஞ்சள் துணி கட்டி, சேலை சுற்றினார்கள். அவிழ்த்த மரத்துக்கும் புதுத் துணி கட்டினார்கள். இரண்டாம் பிரசவமாம்.

வேடிக்கை இத்தோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். சித்தர் அடுத்ததாக ஒரு சாஸ்திரம் சொன்னார்.

"வளைகாப்பு முடிஞ்ச பொண்ண என்ன செய்வீக?"

"ஆத்தா வீட்டுக்கு அனுப்புவோம் சாமி," என்றது கூட்டம்.

"பிரசவம் எங்க நடக்கணும்?"

"ஆத்தா வீட்டுல!"

"இந்த மரங்களுக்குத் தாய்வீடு எது? நம்ம ஆசிரமம். ஆனா மரம் நடந்து வருமா? வராது. அதனால..." சித்தர் கண்ணை மூடித் திறந்தார். "மரம் நிக்கிற மண்ணு, தாய்வீட்டுப் பேருக்கு வந்துரணும். ஒரு தொண்ணூத்தொம்பது வருஷத்துக்குப் போதும்."

கூட்டம் தலையாட்டியது. ஆயிரம் வளைகாப்பு பார்த்த கூட்டம் அது. எந்த வீட்டிலாவது பெண்ணை அனுப்பும்போது நிலத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்களா என்று ஒரு வாய் கேட்கவில்லை. மரம் நடக்காதாம், அதனால் பட்டா நடக்குமாம்! விழா முடிந்த கையோடு மருது கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் அருண்பாண்டியின் பைக்குள் தயாராக இருந்தது. மருதுவுக்கு அடுத்து, அகில் வைத்திருக்கும் இன்னும் பதினான்கு பேர் பேனாவோடு வரிசையில் நின்றார்கள்.

மருதுவின் தங்கை தமிழ்வாணி பக்கத்துக் கிராமங்களுக்கு அரசாங்க சுகாதார நர்ஸ். அந்தக் குடும்பத்தில் முதலில் சம்பளம் வாங்கியவள். இருபது வருடமாக வயிற்றைத் தொட்டே மாதம் சொல்கிறவள். விஷயம் கேள்விப்பட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக வந்தாள். அப்போது நான் மருது வீட்டு வாசலில் அடுத்த ஃப்ளெக்ஸுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஆத்தா நடவு நட்டு நட்டு வாங்குன மண்ணுண்ணே அது."

"யாரு இல்லன்னா? மண்ணு எங்கயும் போகாது. பேருதான் போகும்."

"பேரு போனா மண்ணு போகாதா? வரப்புல ஏறுறதுக்கு நாளைக்கு அந்த அருண்பாண்டிகிட்ட கேக்கணும். அப்பா பட்டது போதாதா?"

மருதுவின் முகம் சுருங்கியது. "நீ படிச்சவ. ஒனக்கு எதுலயும் நம்பிக்க கெடையாது. என் கண்ணால பிசினப் பாத்தேன். மோந்து பாத்தேன். போ, விழாவுக்கு வர இஷ்டம்னா வா."

அவன் போய்விட்டான். தமிழ்வாணி அங்கேயே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஃப்ளெக்ஸ் அளவைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணே, அகில்ல பிசினு கட்டைக்குள்ளதான் ஊறும். வேப்பமரம் மாதிரி வெளிய வடியாது. ஆபீசர்கிட்ட போன்ல கேட்டேன். வெளிய முத்து முத்தா நிக்குதுன்னா அது உள்ள இருந்து வந்தது இல்ல."

"அப்ப துணிய அவுத்துக் காட்டிரு தாயி."

"காட்டுனா, கண்ணு பட்டுக் கலைஞ்சு போச்சும்பாரு. நாந்தான் எதையோ தடவிட்டேம்பாரு. அவரு வாயாலயே வரணும்."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து மருதுவின் மனைவி முத்துத்தாய் முந்தானையைப் பிசைந்துகொண்டு வந்தாள். வேலியோரத்தில் வளராமல் குட்டையாகவே நின்ற எழுபத்து மூன்றாம் நம்பர் மரம் செத்துப்போய்விட்டதாம். சேலைக்கு மேலே இலை எல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி நிற்கிறதாம். புருஷனிடம் சொல்லவும் பயம், சித்தரிடம் சொல்லவும் பயம்.

"நூத்தி இருபதுன்னு போர்டு அடிச்சாச்சு தமிழு. ஒன்னு கொறஞ்சா தெய்வக் குத்தம்னு சொல்லுவாக. என்னத்த வைக்கிறது அந்த எடத்துல?"

தமிழ்வாணி வேலிப் பக்கம் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் வேலிக்கு மரக்கால் நடுவதில்லை. மேலூர் ரோட்டில் கல்லுக்கா பஞ்சம்? ஆள் உயரத்துக்கு மேல் நீளமான கருங்கல் கால்தான். உபரியாக ஒன்று கிணற்றடியில் கிடந்தது.

"மதினி," என்றாள், "அந்தக் கல்லுக்கால வைப்போம்."

சீடர்கள் எல்லாம் மத்தியானம் ஒத்தக்கடைக்குப் புரோட்டா சாப்பிடப் போவார்கள். ஆசிரமத்தில் சைவம் என்பதால் வெளியே போய்த்தான் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில், உச்சி வெயிலில், நாங்கள் மூன்று பேரும் செத்த மரத்தைப் பிடுங்கினோம். அந்தக் குழியில் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லை நட்டோம். என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை. கல்லின் மூலை தெரியாமல் இருக்கச் சாக்கைச் சுற்றினாள் முத்துத்தாய். செத்த மரத்தில் இருந்த மஞ்சள் துணியை அப்படியே உருவி, பிரித்துப் பார்க்காமல் சாக்குக்கு மேலே கல்லின் நெற்றிப் பக்கமாகக் கட்டினாள் தமிழ்வாணி. அதற்கு மேல் அரக்கு நிறப் பூனம் சேலை. உச்சியில் மாங்கொத்தைச் சொருகினோம். விழாவுக்காக எல்லா மரத்தின் தலையிலும் மாவிலை கட்டச் சொன்னது சித்தரின் உத்தரவு. தள்ளி நின்று பார்த்தோம். நூற்று இருபதில் அதுதான் லட்சணமாக இருந்தது.

"நானும் மாட்டிக்குவேனே தாயி," என்றேன்.

"ஒளிவட்டம் போட்டது யாருண்ணே?"

அந்தக் கேள்வி இடுப்பு வலியை விட அதிகமாக வலித்தது.

விழா நாள். சித்திரை வெயில் தலையைப் பிளக்கிறது. மைக் செட்டில் சீமந்தப் பாட்டு. தட்டு தட்டாகக் கண்ணாடி வளையல், சந்தனக் கிண்ணம், அண்டா அண்டாவாகப் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். மசக்கைக்கு என்று மரத்தின் காலடியில் மாங்காய்த் துண்டு வைத்தார் ஒரு அம்மா. தன் வீட்டு முருங்கை மூன்று வருடமாகக் காய்க்கவில்லை, அதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒருவர் கிளையை ஒடித்துக்கொண்டே வந்திருந்தார். மருது புது வேட்டி கட்டி, சம்பந்தி மாதிரி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றான்.

சித்தர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு முதல் மரத்தருகே வந்தபோது, நீலச் சேலை யூனிஃபார்மோடு தமிழ்வாணி குறுக்கே வந்து கும்பிட்டாள். கையில் பெரிய பதிவேடு.

"சாமி, நான் கவர்மெண்ட்டு நர்ஸ். ஊர்ல யாரு முழுகாம இருந்தாலும் பேரு பதியணும்னு உத்தரவு. நூத்தி இருபது கர்ப்பிணிக இருக்காக, ஒருத்தியக்கூட நான் பதியல. ஒவ்வொன்னாப் பாத்து எத்தன மாசம்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. மருது பல்லைக் கடித்தான். சித்தருக்கோ மனசு குளிர்ந்துவிட்டது. அரசாங்கமே நோட்டோடு வந்து நிற்கிறது! அருண்பாண்டி கேமராவைத் திருப்பினான்.

"எழுதும்மா. ஒன்னாம் நம்பரு, ஏழு மாசம்."

"வீக்கம் ஏதும் இருக்கா சாமி?"

"இல்ல. நல்ல சுகம்."

இப்படியே போனது. இருபத்து மூன்றுக்குச் சத்துக் குறைவு. நாற்பதுக்குத் தலைப்பிரசவம், கொஞ்சம் பயப்படுகிறது. தமிழ்வாணி ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தில் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை.

எழுபத்து மூன்று.

சித்தர் சேலையின் மேல் வட்டத்தை வைத்தார். கண்ணை மூடினார். நேரம் போனது. திடீரென்று கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"அடடா... இதுதாம்மா இந்தத் தோப்புக்கே தலைச்சி. ரெட்டைக் கரு!"

குலவை காதைப் பிளந்தது. யாரோ வளையலைத் தூக்கி வீசினார்கள்.

"துடிப்பு எப்பிடி இருக்கு சாமி?"

"குதிர ஓடுது."

"மரம் வளந்துருக்கா?"

"போன தடவ நான் பாத்ததுக்கு ஒரு சாண் ஒசந்துருக்கு. என் கைபட்ட மரம்ல!"

"வலி ஏதும்?"

"சொட்டு வலி இல்ல. சிரிக்குது. என்கிட்டப் பேசுது."

"ரெட்டைப் பிள்ளைக்காரி சாமி, ஒரு கையெழுத்துப் போட்ருங்க."

போட்டார். 'அகில் சித்தர்' என்று பச்சை மையில், ஓம் எழுதி, அழகாக.

தமிழ்வாணி பதிவேட்டை மூடினாள். "வாயும் வயிறுமா இருக்கவளுக்கு இந்த வெயில்ல இம்புட்டு இறுக்கிச் சேல கட்டலாமா? மூச்சு முட்டும். மதினி, கொஞ்சம் தளத்திவிடுங்க."

"திருஷ்டி!" என்று அலறினார் சித்தர்.

முடிச்சுப் போட்டவளே முத்துத்தாய்தான். ஒரே இழுப்பு. சேலை சரிந்தது. மாங்கொத்து விழுந்தது. வெயிலில் ஊறி வழிந்த மஞ்சள் துணியைத் தமிழ்வாணி மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ள, சாக்கு அவிழ்ந்து காலடியில் குவிந்தது.

கருங்கல். பட்டை இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. உளி கொத்திய தழும்போடு, இரட்டைக் குழந்தைக்காரி ஆறடிக்கு நின்றுகொண்டிருந்தாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நம் மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஆத்தா!" என்று ஒரு குரல் கிழிந்தது. முனியாயி, வாசலில் சுக்கு காப்பி விற்கிறவள். "கல்லக் கர்ப்பமாக்கிட்டாரே எஞ்சாமி!" என்று கல்லின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். அவள் பின்னால் இரண்டு பேர். அப்புறம் இருபது பேர். ஒருவர் சூடம் பொருத்தினார். முருங்கைக் கிளைக்காரர் கிளையோடு விழுந்தார்.

சித்தருக்குப் போன உயிர் வந்தது. இரண்டு கையையும் தூக்கினார். "சோதிக்க வந்தாக! நான் பேசாம இருந்தேன்! எல்லாந் தெரிஞ்சுதான் ரெட்டைன்னேன்! மரம் என்னப்பா மரம்? என் மந்திரத்துக்குக் கல்லே சுரக்கும்!"

மருதுவின் கண்கள் கலங்கிவிட்டன. கைகூப்பி நின்றான். நாங்கள் மூன்று பேரும் இடுப்பு ஒடிய அந்தப் பித்தலாட்டக்காரரைக் கடவுளாக்கிவிட்டோம்!

தமிழ்வாணி மட்டும் பதறவில்லை. மைக்கை எடுத்தாள். அவளும் கும்பிட்டாள்.

"சாமி, மன்னிச்சுக்கங்க. கல்லுலயும் அகில் சுரக்கும்னு தெரியாமப் போச்சு. அப்ப மரம் தேவையில்ல?"

"தேவையே இல்ல!" என்றார் சித்தர், வந்த வேகத்தில்.

"வெறும் கல்லு போதும்?"

"போதும்!"

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு." அவள் மேற்குப் பக்கம் கையைக் காட்டினாள். தோப்புக்கு அந்தாண்டை யானைமலை, வெயிலில் படுத்துக் கிடந்தது. "அந்தா கெடக்கு, மூணு மைலுக்குக் கல்லு. அதுக்கு ஒரு மஞ்சத் துணியக் கட்டுங்க. உலகத்துக்கே அகில் கெடைக்கும். எங்க அண்ணன் அம்புட்டுக் கஷ்டப்பட்டு வச்சிருக்க ஒன்னரை ஏக்கரு எதுக்கு ஒங்களுக்கு? அருண்பாண்டி, அந்தப் பத்திரத்த எடு. கிழிச்சுருவோம்."

சூடம் எரிகிற சத்தம் கேட்டது. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஒரு சிரிப்பு, அப்புறம் நாலு. பேனாவோடு நின்ற பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அதானே? கல்லே போதும்னா எங்க நெலம் எதுக்கு?" என்றார் ஒருவர்.

"அது... கல்லுன்னா எல்லாக் கல்லும் இல்ல..." என்றார் சித்தர்.

"எந்தக் கல்லு சாமி? கிணத்தடியில கெடந்த கல்லு. நான் துணி தொவைக்கிற கல்லு," என்றாள் முத்துத்தாய். அன்று முழுக்க அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மருது முன்னால் வந்தான். தங்கையின் கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கினான். விரலால் தடவிப் பார்த்தான். ஓரத்துத் தையலைப் பல்லால் கடித்து இழுத்தான். துணி இரண்டாகப் பிரிந்தது. அது ஒற்றைத் துணி இல்லை, உறை. உள்ளே பழுப்பு நிறத்தில் மெழுகும் பிசினும் குழைந்த களி, வெயிலில் இளகி நூல் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தான்.

"ஊதுபத்தி வாசம்டா மாப்ள," என்றான் என்னைப் பார்த்து.

பிறகு அவன் ஓடினான். அடுத்த மரத்தின் சேலையை உருவினான். மஞ்சள் துணியை அறுத்தான். அடுத்தது. அதற்கடுத்தது. இறுக்கிக் கட்டிய துணிக்கும் களிக்கும் அடியில் பட்டை புழுங்கி, அழுகி, கையோடு வந்தது. பதினோரு மரங்கள் அப்படி. அந்த அழுகலைக் கையில் வைத்துக்கொண்டு சித்தரின் முன்னால் வந்து நின்றான்.

"வலிக்காதுன்னியே?"

அடிப்பான் என்று நினைத்தோம். அடிக்கவில்லை. அழுதான். எனக்கு அது அடியை விட மோசமாக இருந்தது.

சித்தர் இரண்டு உதட்டையும் ஒட்டி, விரலை வைத்துக் காட்டினார். மௌன விரதமாம்! அந்த நிமிடத்திலிருந்து. தலைமைச் சீடர் அருண்பாண்டி அந்த விரதத்துக்கு முன்பே, பத்திரப் பையை அங்கேயே போட்டுவிட்டு, பைக்கில் ஏறிப் பறந்துவிட்டான். நேரலையை நிறுத்த மறந்துவிட்டதால், அவன் ஒத்தக்கடை தாண்டி எந்தப் பக்கம் திரும்பினான் என்பதை இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். போலீஸ்காரர்களும் அதில் உண்டு.

ஜீப்பில் ஏற்றியபோது சித்தரின் விரதம் கலைந்தது. "அண்ணே, சார், ஒரே ஒரு நிமிசம் கேளுங்க" என்று அவர் ஆரம்பித்த அந்த ராகத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், வண்டி கிளம்புமுன் ஏறி, "ஒரு பாக்கெட்டு எடுத்தா ஒரு பாக்கெட்டு இலவசம்" என்று ஊதுபத்தி விற்ற அதே குரல். அந்தத் தொழில் நேர்மையானது. ஊதுபத்தி மணக்கவாவது மணந்தது.

மருது பத்திரத்தைக் கிழிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், ஆத்தாவின் பட்டா இருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொண்டான். எப்போதாவது புத்தி தடுமாறினால் எடுத்துப் பார்க்கவாம். ஆபீசரைக் கூப்பிட்டு இரண்டே இரண்டு மரத்தில் துளை போட்டு மருந்து ஏற்றியிருக்கிறான். வருமா என்று கேட்டால், "தெரியாது, பாப்போம்" என்கிறான். அவன் வாயிலிருந்து இவ்வளவு நிம்மதியான வார்த்தையை நான் கேட்டதில்லை. தங்கையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன்கள் கேட்பதில்லை. தோட்டத்தில் முதல் பறிப்பாக வந்த கத்திரிக்காயைப் பை நிறையக் கொண்டுபோய் அவள் ஸ்கூட்டியில் மாட்டிவிட்டு வந்தான்.

இத்தோடு கதை முடிந்தது என்றால் நீங்கள் எங்கள் ஊரை அறியாதவர்.

அந்தக் கல்லை மருது பிடுங்கி, வேலியில் நட்டுக் கம்பி கட்டினான். மூன்றாம் வெள்ளிக்கிழமை, அதன் உச்சியில் மஞ்சள் தடவியிருந்தது. நான்காம் வெள்ளி வளையல். ஐந்தாம் வெள்ளி முனியாயி தலைமையில் எட்டுப் பேர். 'ரெட்டைப் பிள்ளைக் கல்லம்மன்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. மனுஷன் ஏமாத்தலாம், கல்லு ஏமாத்துமா என்று கேட்கிறார்கள். முனியாயியின் சுக்கு காப்பிக் கடை இப்போது அந்த வேலியோரம்.

போன வாரம் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள்.

"அண்ணே, கல்லம்மனுக்கு வளைகாப்பு வைக்கிறோம். இருபதுக்குப் பத்து. பின்னால நல்லா ஒளிவட்டம் போட்டுக் குடுங்க."

"அடிச்சு நானே கொண்டாந்து கட்டிர்றேன்," என்றேன். காசு வாங்கவில்லை. கட்டியும் விட்டேன், கல்லுக்கு நேர் மேலே. ஒளிவட்டம் கிடையாது. படம் கிடையாது. வெள்ளை ஃப்ளெக்ஸில் கறுப்பு எழுத்து, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி:

'இது கல். தட்டிப் பார்த்துவிட்டோம், உள்ளே ஒன்றும் இல்லை. வந்ததே வந்தீர்கள், உங்கள் தலையையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.'